வாசிப்பில் மொய்ப்பாக்கி கிடையாது

வங்காள நாவல் என்று வாயெடுத்தாலே நம் இலக்கிய வட்டாரத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்பு கிளம்பிவிடுகிறது. அது நாற்பதுகளின் மோகமாம். சரத்சந்திரரின் விதவைகளுக்காகத் தலையணையை நனைத்த தலைமுறையோடு அது போய்விட்டதாம். இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் காலம் தப்பியவர்களாம். இந்தப் பேச்சுக்கு வாலாக இன்னும் சில பேச்சுகள் வரும். இந்தி வழியாக வந்த வங்காளம் சுண்டிப்போன சரக்கு. சாகித்ய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் தேசிய ஒருமைப்பாட்டுக்காக அச்சடித்துத் தள்ளியதை இலக்கியம் என்று நம்பி ஏமாந்தோம். தமிழிலேயே படிக்க ஆயிரம் கிடக்கிறது, அங்கே என்ன வேலை? எல்லாவற்றுக்கும் மேலே, வங்காளி நம்மைப் படித்தானா, நாம் ஏன் அவனைப் படிக்க வேண்டும்?

நான் கீரமங்கலம் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். படித்ததில் பெரும்பகுதி வங்க நாவல்கள். மீதியில் பெரும்பகுதி மலையாளம், கன்னடம், உருது, ஒடியா. அத்தனையும் தமிழ் வழியாகத்தான். தமிழில் கிடைக்காத சிலவற்றை மட்டும் அகராதியோடு ஆங்கிலத்தில் படித்தேன். ஒரு வரி கதை எழுதியதில்லை. ஆகவே மேலே சொன்ன அத்தனை குற்றச்சாட்டுக்கும் நான் கைப்பிடியாக அகப்பட்ட குற்றவாளி. பதில் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது எங்கள் ஊர்க் கேள்வி என்பதால். ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்துப் பந்தல் முளைத்துவிடும். கிடாக்கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு மொய் எழுத வரிசையில் நிற்பார்கள். பணம் எண்ணும் மெஷின்கூட இப்போது பந்தலுக்கு வந்துவிட்டது. நமக்கு எழுதியவருக்கு நாம் திருப்பி எழுத வேண்டும், கூடக் கொஞ்சம் வைத்து எழுத வேண்டும். மறந்தால் நோட்டைப் பிரித்துக் காட்டுவார்கள். அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள் உண்டு, பிள்ளையை இன்ஜினியரிங் சேர்த்தவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசிப்புக்கு எதற்கு மொய் நோட்டு? தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதன'த்தில் நாடி பார்த்தே சாவின் நாளைச் சொல்லிவிடுகிற அந்தக் கிழ வைத்தியர், நான் பதிலுக்கு என்ன எழுதுவேன் என்று பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்? கல்கத்தாவில் ஒரு வாசகர் தி. ஜானகிராமனைப் படிக்கவில்லை என்றால் நஷ்டம் அவருக்கு. அந்த நஷ்டத்தை நானும் பங்குபோட்டு அனுபவிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? தவிர, ஒருவழிப் பாதை என்பதும் முழு உண்மை இல்லை. கல்கத்தாவிலேயே வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி வங்காளத்திலிருந்து தமிழுக்கு எவ்வளவு கொண்டுவந்தாரோ, தமிழிலிருந்து வங்காளத்துக்கும் கொண்டுபோனார். அவர் பெயரை இந்தக் கேள்வி கேட்பவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இனி 'வங்காளம் எங்கே, வறண்ட புதுக்கோட்டைச் சீமை எங்கே' என்ற பேச்சு. இதைச் சொல்பவர்களுக்குப் புதுக்கோட்டைச் சீமையையும் தெரியவில்லை.

இந்த மாவட்டத்தில் ராயவரம், ராங்கியம், அரிமளம், விராச்சிலை, குழிபிறை, பனையப்பட்டி என்று நகரத்தார் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வீடுகளின் தேக்குத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் பர்மா என்று சொல்லும். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகள் திருப்ப முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார் பெயருக்கு மாறியது. என் தாயாரின் தகப்பனார் அப்படி ஒரு கிட்டங்கியில் சமையல் ஆளாக இருந்தவர். வரும்போது அரக்குப் பூசிய ஒரு வெற்றிலைப் பெட்டி கொண்டுவந்தார். கதை ஒன்றும் கொண்டுவரவில்லை. அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "மழை பெய்யும்" என்பார்.

சரத்சந்திரர் 1903ல் ரங்கூனுக்குப் போனார். 1916 வரை அங்கே அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார். அதாவது நம் சீமைக்காரர்கள் வட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அதே ஊரில், அதே ஆண்டுகளில், அவரும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வித்தியாசம், அவர் ராத்திரியில் வேறொன்றும் எழுதினார். 'ஸ்ரீகாந்த'னின் இரண்டாம் பாகம் (1918) கப்பலின் மேல்தட்டில் மூட்டைமுடிச்சோடு அடைந்து கிடக்கும் ஜனங்களோடு தொடங்கி, நடுக்கடல் புயல், ரங்கூன் வாசலில் பிளேக் பயத்துக்காகத் தடுத்து நிறுத்தப்படும் ஏழைப் பயணிகள் என்று போகிறது. 1926ல் வெளிவந்து மறு ஆண்டே வெள்ளைக்காரன் தடைசெய்த 'பாதேர் தாபி'யும் ரங்கூன் கதைதான். என் தாத்தா எப்படிப்பட்ட கப்பலில், எப்படிப்பட்ட ஜனங்களுக்கு நடுவே போயிருப்பார் என்று எனக்குச் சொன்னது ஒரு வங்காளி. வெ. சாமிநாத சர்மா ரங்கூனில் 'ஜோதி' நடத்தினார், நடந்து வந்த கதையையும் எழுதிவைத்தார்; அவரைப்போல ஒருசிலர் போக, இங்கிருந்து போனவர்கள் விட்டுப்போனது பேரேடுதான்.

அந்த இரண்டாம் பாகத்தில் ஓர் இடம். ஊருக்குத் திரும்புகிற ஒரு வங்காளிப் பையன், தன்னோடு வாழ்ந்த பர்மியப் பெண்ணைத் துறைமுகத்தில் ஏமாற்றிவிட்டுக் கப்பலேறுகிறான். அவள் அழுகிறாள். அவளுக்குப் புரியாத தன் மொழியில் அவன் கேலி பேசிச் சுற்றி நிற்பவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே, அவள் கையில் கிடக்கிற மோதிரத்தையும் வாங்கிக்கொள்கிறான். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் பர்மாக்காரி பேச்சு எடுத்தால் பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஏன் போனார்கள் என்பதை அந்தப் பக்கங்கள் எனக்குக் காட்டின. புதுக்கோட்டையைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசிய புத்தகங்கள் என் அலமாரியில் அதிகம் இல்லை.

அரிசிக் கதையும் இப்படித்தான். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. இங்கே அம்மாவின் தலைமுறைக்கு அது ரேஷனும் கேப்பைக் கூழும். வங்காளத்தில் அடுத்த வருஷம் பஞ்சம். முப்பது லட்சம் பேர் வரை செத்தார்கள் என்கிறார்கள். பர்மா அரிசி வராததோடு ராணுவக் கொள்முதலும் பதுக்கலும் அரசாங்கத்தின் அலட்சியமும் சேர்ந்துகொண்டன. விபூதிபூஷண் 'அசனி சங்கேத்'தில் எழுதியது அந்த அரிசி கிராமத்திலிருந்து மெள்ள மெள்ளக் காணாமல் போகிற விதத்தை. முதலில் கடையில், பிறகு பணக்காரர் வீட்டில், கடைசியில் பேச்சில்கூட இல்லாமல் போகிறது. அதைப் படிக்க எனக்கு வங்காளத்தின் வரைபடம் தேவைப்படவில்லை.

இப்போது கண்ணீர். சரத்சந்திரரைச் சொன்னதும் எல்லோருக்கும் 1953ல் வந்த படத்தில் நாகேஸ்வர ராவ் இருமுகிற இருமல் காதில் விழுகிறது. 'தேவதாஸ்' பலவீனமான புத்தகம்தான். அதை எழுதியவருக்கே அது தெரிந்திருந்தது. இளம் வயதில் எழுதியதை அச்சேற்றத் தயங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்து 1917ல்தான் வெளியிட்டார். அந்த ஒரு புத்தகத்தை, அதுவும் சினிமாவாக, வைத்துக்கொண்டு ஒரு மொழியின் நூறு வருஷத்து உரைநடையை எடைபோடுவது என்ன ரசனை? அதே சரத்சந்திரரின் அபயா இருக்கிறாள், அதே ஸ்ரீகாந்தனின் அதே இரண்டாம் பாகத்தில். காணாமல் போன புருஷனைத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறுகிறாள். அவன் பர்மியப் பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான். வந்தவளை அடித்து விரட்டுகிறான். அபயா திரும்பிவந்து, தனக்குத் துணையாகக் கப்பலில் வந்தவனோடு ஊரறிய வாழத் தொடங்குகிறாள். கேட்க வந்த கதாநாயகனிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நியாயம் கேட்கிறாள். அழுகிற விதவைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அத்தியாயம் வரைக்கும் போகவில்லை போலும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். தமிழில் சரத்சந்திரர் பெயரில் வந்து குவிந்ததில் அவசர மொழிபெயர்ப்புகள் நிறைய. பத்திரிகைக்காரர்கள் அவரைப் பார்த்துச் செய்த நகல்கள் அதைவிட நிறைய. அந்த நகல்களின் பாவத்தை மூலத்தின் தலையில் கட்டுவது சரியில்லை.

கொஞ்சம் கனமான வாதம் சாதியைப் பற்றியது. வங்க நாவல் பத்ரலோகின் நாவல், முகர்ஜிகளும் சட்டர்ஜிகளும் பானர்ஜிகளும் தங்கள் வீட்டு வராந்தாவைப் பற்றி எழுதியது, இங்கே அதை மொழிபெயர்த்தவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் அதே வராந்தாக்காரர்கள் என்பது அந்த வாதம். இதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதம் உண்மையானதாக இருந்தால் அதைச் சொல்பவர் செய்ய வேண்டிய காரியம் இன்னும் ஆழமாக வங்காளத்துக்குள் போவது. போனால் அத்வைத மல்லபர்மன் இருக்கிறார். தித்தாஸ் ஆற்றங்கரையில் மாலோ என்கிற மீனவச் சாதியில் பிறந்து, தன் ஆற்றையும் தன் ஜனங்களையும் எழுதி, 1951ல் காசநோயில் செத்துப்போனார். நாவல் புத்தகமாக வந்தது 1956ல், அவர் போன பிறகு. மனோரஞ்சன் வியாபாரி இருக்கிறார். அகதியாக வந்து, ஜெயிலில் எழுத்துக் கற்று, கல்கத்தாவில் ரிக்ஷா இழுத்தவர். அந்த ரிக்ஷாவில் ஒருநாள் ஏறியவர் மகாசுவேதா தேவி. அவர்தான் இவரை எழுத வைத்தார். பானர்ஜி என்ற பெயர் கொண்ட மாணிக் 1936ல் எழுதிய பத்மா நதிப் படகோட்டியின் கதையில் படகும் வலையும் குபேர் என்ற அந்த மீனவனுடையது இல்லை, பாடு மட்டும் அவனுடையது. கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ கூலிக்கு விசைப்படகு ஏறுகிற ஒருவரிடம் அந்தப் பங்குக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், விளக்கம் கேட்கமாட்டார்.

வராந்தாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கதைகள் ஒட்டாது என்கிற நம்பிக்கை எனக்குப் போனது ஒரு கல் குவாரியில். 1991ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடக் கற்றதைப் பிறகு பி. சாய்நாத் எழுதி ஊருக்கெல்லாம் தெரிந்தது. நான் தொண்டராகப் போனது ஜல்லி உடைக்கும் பெண்கள் இருந்த இடத்துக்கு. சாயங்காலம் ஆறரைக்கு மேல் அரிக்கேன் வெளிச்சத்தில் வகுப்பு. விரல்களில் பழைய துணி சுற்றியிருப்பார்கள். சிலேட்டில் படிந்திருக்கிற வெள்ளை பலப்பமா கல்தூசியா என்று சொல்ல முடியாது. ப, பட்டா, படி என்று ஒருமணி நேரம் போன பிறகு, "ஏதாச்சும் கதை சொல்லுங்க டீச்சர்" என்பார்கள். நான் 'பதேர் பாஞ்சாலி'யை நாளுக்குக் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினேன்.

படம் பார்த்தவர்களுக்குத் துர்கா திருடுவது மணிமாலை. நாவலில் அது தங்கக் குங்குமச் சிமிழ். பணக்காரர் வீட்டில் காணாமல் போகிறது, துர்காவை அடிக்கிறார்கள், அவள் எடுக்கவே இல்லை என்று சாதிக்கிறாள். பிறகு காய்ச்சலில் செத்துப்போகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் போகிற அன்று தம்பி அப்புவின் கையில் அந்தச் சிமிழ் அகப்படுகிறது. அவன் அதை யாரும் பார்க்காமல் மூங்கில் புதருக்குள் எறிந்துவிடுகிறான். இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்: "அத உடையவுங்ககிட்டக் குடுத்திருக்கலாம்ல டீச்சர்? தங்கம்ல?" நான் பதில் யோசிப்பதற்குள், சிலேட்டை விட்டுத் தலை நிமிராமல் இன்னொருத்தி சொன்னாள்: "குடுத்தா, செத்தவ திருடின்னு ஆயிரும்ல."

விபூதிபூஷணைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்த எறிதலுக்கு இதைவிடக் கூர்மையான உரை எதிலும் இல்லை. மூத்த மொழிபெயர்ப்பாளர்களின் சாதியை வைத்து இந்தப் புத்தகங்களை யாருக்கு உரியவை என்று பிரித்துக் கொடுப்பவர்கள், அந்தப் பெண்ணை எந்தப் பக்கம் உட்கார வைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. சில வருஷங்கள் கழித்து, புவனா நடராஜன் மொழிபெயர்த்த 'முதல் சபதம்' கைக்கு வந்தபோது அந்தக் குவாரிதான் நினைவுக்கு வந்தது. ஆஷாபூர்ணா தேவி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அவருடைய சத்தியவதி, எட்டு வயதில் கல்யாணம் முடித்து வைக்கப்பட்ட பிள்ளை, பெண் எழுதினால் குடி கெடும் என்று ஊர் சொல்ல, எப்படி என்று கேட்டுக்கொண்டே எழுதக் கற்கிறாள். புதுக்கோட்டைப் பெண்ணுக்கு இதில் எந்த வரி அந்நியம்?

டெல்லிக்காரன் அச்சடித்தது என்ற குற்றச்சாட்டில் ஒரு நகைச்சுவை இருக்கிறது. சாகித்ய அகாதெமி பிறந்தது 1954ல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே பாரதி 'வந்தே மாதர'த்தைத் தமிழாக்கினார். பிறகு தாகூரின் சிறுகதைகளையும் தமிழில் தந்தார். த. நா. குமாரசாமி வங்காளம் கற்றுக்கொண்டு மொழிபெயர்க்கத் தொடங்கியபோது எந்த அரசாங்கமும் அவருக்குப் படியளக்கவில்லை. இதே மாவட்டத்து ராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன் 1939ல் 'சக்தி' பத்திரிகையைத் தொடங்கி, டால்ஸ்டாயில் ஆரம்பித்து வெளியுலகத்து எழுத்தையெல்லாம் கொண்டுவந்து போட்டது சொந்தக் காசில். அதில் கையைச் சுட்டுக்கொண்டதும் சொந்தக் கைதான். படிக்கிற பசி முதலில் வந்தது, டெல்லியின் திட்டம் பின்னால் வந்தது.

சரி, டெல்லி அச்சடித்ததையே எடுத்துக்கொள்வோம். விபூதிபூஷணின் 'ஆரண்யக்' 1939ல் வந்தது, த. நா. சேனாபதியின் தமிழில் அது 'வனவாசி'. நான் திரும்பத் திரும்பப் படிக்கிற புத்தகம். விபூதிபூஷண் பாகல்பூர்ப் பக்கம் ஒரு ஜமீன் எஸ்டேட்டில் உதவி மேனேஜராக இருந்தவர். கதை சொல்கிறவனும் அப்படித்தான்: காட்டை அளந்து, குத்தகைக்கு விட்டு, வெட்டிச் சாகுபடிக்குக் கொண்டுவருவது அவன் உத்தியோகம். அந்தக் காட்டின்மேல் பித்துப் பிடித்துப்போகிறவனும் அவனே. நேசித்ததைத் தன் கையெழுத்தாலேயே அழிக்கிறான், அது தெரிந்தே செய்கிறான். அங்கே யுகல்பிரசாத் என்று ஒருவன் வருகிறான். எங்கிருந்தோ காட்டுப்பூ விதைகளைக் கொண்டுவந்து யாருக்கும் சொந்தமில்லாத காட்டு ஏரிக்கரையில் நட்டுக்கொண்டே இருப்பான். கூலி கிடையாது, பலன் கிடையாது, கேட்டால் காரணமும் கிடையாது. பிறகு தோப்ரு பான்னா, மாடு மேய்க்கிற கிழ ராஜா. ஒரு காலத்தில் அந்தக் காடு முழுக்க அவருடைய முன்னோருடையது. அவருடைய கொள்ளுப்பேத்தி பானுமதியிடம் கதாநாயகன் பாரத தேசத்தைப் பற்றிப் பேச்செடுக்கிறான். அவளுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அப்படி ஒரு பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை.

தேசிய ஒருமைப்பாட்டுப் பிரசாரம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்! அரசாங்கமே பதிப்பித்த புத்தகத்தில், இந்த மண்ணுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்த குடியின் பெண், இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறாள். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்ட 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்ன சொல்கிறது? அதீன் பந்தோபாத்யாய அதில் எழுதியது கிழக்கு வங்காளத்து ஒரு கிராமம் இந்து முஸ்லிம் என்று கண்ணுக்கு முன்னால் பிளந்துபோவதை. பைரப்பாவின் 'ஒரு குடும்பம் சிதைகிறது' பிளேக்கும் வறட்சியும் ஒரு குடும்பத்தின் மடமையும் சேர்ந்து ஒரு பெண்ணை அரைத்துப்போடுவதை. குர்ரதுலைன் ஹைதரின் 'அக்னி நதி' கடைசியில் வந்து நிற்பது பிரிவினையில். இவற்றைப் படித்துவிட்டு ஒருவருக்கு ஒருமைப்பாட்டு உணர்ச்சி பொங்கினால் அவர் தலைகீழாக வைத்துப் படித்திருக்க வேண்டும். அச்சடித்த அலுவலகத்தின் நோக்கம் வேறாக இருந்திருக்கலாம். அலுவலகங்களுக்கு நாவல் படிக்கத் தெரியாதது நம் அதிர்ஷ்டம்.

'வனவாசி'யை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது எங்கள் மண்ணைப் பற்றியது என்பதால். அரிமளம் பக்கம் போனவர்களுக்குத் தைலமரக் காடு தெரியும். வரிசை வரிசையாக ஒரே உயரத்தில் ஒரே மரம். கீழே புல் கிடையாது, மேலே பறவைச் சத்தம் கிடையாது. முன்பு அங்கே என்ன இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் பாலை, காரை, சூரை, உசிலை என்று அடுக்குவார்கள். வனத்தோட்டக் கழகம் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் தைலமரம் போட்டது. மழைத் தண்ணீரை மரத்துக்கென்று மறித்துப் போட்ட வரப்புகளால் கண்மாய்க்கு வரத்து நின்றுபோனது என்று விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கேயும் யாரோ ஒரு அதிகாரி நல்ல நோக்கத்தோடு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் மனசுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைத் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. விபூதிபூஷண் எழுதியிருக்கிறார். பஸ்ஸில் அந்த மரங்களுக்கு நடுவே போகும்போதெல்லாம் யுகல்பிரசாத் ஞாபகம் வரும். வங்காளத்தில் இருக்கிறேன் என்று என்னைக் கேலி பேசுகிறவர்கள் அதே பஸ்ஸில் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

இந்தி வழி வந்த வங்காளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சொல்லும் நண்பர்கள் தஸ்தயேவ்ஸ்கியை ரஷ்ய மொழியிலா படித்தார்கள்? ஆங்கிலத்துக்குப் போய் அங்கிருந்து தமிழுக்கு வந்த டால்ஸ்டாயும் மார்க்வெஸும் அவர்களுக்கு மூலமாகவே தெரிகிறார்கள். இந்திக்குப் போய் வந்த சரத்சந்திரர் மட்டும் இரண்டாங்கை ஆகிவிடுகிறார். ஆங்கிலம் தொட்டால் தீட்டில்லை, இந்தி தொட்டால் தீட்டு. இதில் அரசியல் கோபம் இருக்கிறது, அது எனக்கும் உண்டு. அதை ஓர் அச்சுப் புத்தகத்தின்மேல் காட்டுவானேன்? குமாரசாமி, சேனாபதி, சு. கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் வங்காளத்திலிருந்தே நேராகச் செய்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். மகாசுவேதா தேவியின் '1084ன் அம்மா' அப்படித்தான் நமக்கு வந்தது.

தமிழை விட்டுவிட்டு அங்கே என்ன வேலை என்பதற்கு ஒரு ஆள் போதும். ஆர். சண்முகசுந்தரம். 1942ல் 'நாகம்மாள்' எழுதியவர். கொங்கு நாட்டுக் காட்டையும் மேட்டையும் அந்தப் பேச்சோடு தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்த முதல் ஆள் அவர் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அவர்தான் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் கொடுத்தவர், சரத்சந்திரரையும் கட்டுக்கட்டாகக் கொடுத்தவர். வங்காளம் படித்தால் சொந்த மண் மறந்துபோகும் என்ற கணக்குப்படி, 'நாகம்மாளு'க்குப் பிறகு அவர் பேனாவில் கொங்கு மண் காய்ந்துபோயிருக்க வேண்டும். 'அறுவடை'யைப் படித்தவர்கள் சொல்லட்டும். சுந்தர ராமசாமி தகழியின் 'செம்மீனை' மொழிபெயர்த்தார், அதனால் அவருடைய புளியமரம் பட்டுப்போகவில்லை. க. நா. சு. வாழ்நாள் முழுக்க இந்திய நாவல்களைப் படி படி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெயமோகன் 'கண்ணீரைப் பின்தொடர்தல்' என்று அவற்றுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். தமிழில் கறாராகப் பேசியவர்கள் எல்லாருமே பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தவர்கள்தான். தமிழ் மட்டும் போதும் என்பவர்களிடம் தமிழில் கடைசியாக என்ன படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். பதிலை இங்கே எழுதினால் சிநேகிதம் கெடும்.

மிச்சமிருப்பது ஒன்று. அதைக் கூட்டத்தில் சொல்லமாட்டார்கள், தனியாகச் சொல்வார்கள், அக்கறையோடு சொல்வார்கள்: "இவ்வளவு படிச்சு என்ன எழுதுனீங்க டீச்சர்?" எழுதுவதற்குப் பயிற்சியாகத்தான் ஒருவர் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. கச்சேரிக்குப் போகிறவரிடம் யாரும் எப்போது பாடப்போகிறீர்கள் என்று கேட்பதில்லை. திருக்கோகர்ணத்தில் 'ஞானாலயா' நூலகம் இருக்கிறது. ஆசிரியத் தம்பதி கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மாவும் தங்கள் சம்பளத்தில் சேர்த்துச் சேர்த்து லட்சத்தைத் தாண்டிய புத்தகங்கள், அவற்றில் தமிழின் முதல் பதிப்புகள் எத்தனையோ. ஆராய்ச்சிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்துப் போகிறார்கள். அந்த அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, சேர்த்ததெல்லாம் சரி, நீங்கள் எத்தனை நாவல் எழுதினீர்கள் என்று யாராவது கேட்பார்களா?

நான் எழுதவில்லை. படித்தேன், படித்ததைச் சொன்னேன், இரவல் கொடுத்தேன். இரவல் போன 'ஸ்ரீகாந்தன்' மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. வைத்திருப்பவர் யார் என்று எனக்குத் தெரியும், வங்காள மோகம் பற்றி நகரில் அதிகம் பேசுகிறவர் அவர்தான்.